கால் பார்த்து நாற்காலி போட்டவர்

எழுத்து என் தொழில் இல்லை. பலகை இழைப்பதுதான் தொழில். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவது, அளவெடுக்காமல் அலமாரி செய்வது போலத்தான் முடியும். எங்காவது கோணும், கதவு சரியாகச் சாத்தாது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. பேசாமல் விட்டதை எல்லாம் பட்டறையில் தனியாக இருக்கும்போது மரத்தூளோடு பேசிக்கொண்டிருப்பேன். அப்போது அடிக்கடி எதிரே வந்து நிற்கிறவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் மரவேலை மெஷின்கள் விற்கும் ஒரு கம்பெனியின் டெமோ ஆள். எல்லோரும் அவரை டெமோ சார் என்போம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வேன் நிறைய மெஷின்களோடு ஆம்பூருக்கு வருவார். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார். மேடைமேல் மெஷின், கீழே நாங்கள். தச்சு வேலை செய்கிறவர்கள், பர்னிச்சர் கடைக்காரர்கள், ஷூ கம்பெனிகளில் ரிப்பேர் பார்க்கிறவர்கள் என்று எல்லோருக்கும் அழைப்பு வரும். அழைப்பின் கடைசி வரியில் மதியம் பிரியாணி என்று இருக்கும். அந்த ஒரு வரி இருந்தால் போதும், எங்கள் ஊரில் எந்த மெஷின்மேலும் ஆர்வம் பிறந்துவிடும்.

முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் மேடைச் சுவரில் அப்படியே இருக்கும். மணமக்கள் பெயருக்குக் கீழே ரம்பம் சுழலும். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டையும் கீழே இறக்கி முன்வரிசையில் போடுவார். அவை பெரிய கஸ்டமருக்கு. அதற்குப் பின்னால் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அவை நடுத்தர கஸ்டமருக்கு. அதற்கும் பின்னால் சுவர். அது எங்களுக்கு.

வெல்வெட்டுக்குப் பாதாம் பால். பிளாஸ்டிக்குக்கு டீ. சுவருக்கு, "தண்ணி அந்த மூலைல கேன்ல இருக்குதுங்க, எடுத்துக்குங்க" என்ற தகவல். விசிட்டிங் கார்டு வெல்வெட்டுக்கு மட்டும்தான் கொடுப்பார். பிளாஸ்டிக்குக்கு வழவழப்பான தாளில் நோட்டீஸ். சுவரில் சாய்ந்திருந்த ஒருவர் துணிந்து நோட்டீஸ் கேட்டபோது, "படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார். கேட்டவரும் படித்துவிட்டு ஒழுங்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பேச்சில் மரியாதைக்கு மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் பிரியமாகக் கூப்பிட்டாலும் இன்னாபா என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறான் என்று நினைப்பார்கள். அவர் விரட்டினாலும் வரவேற்பது போல இருக்கும். "கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களாங்க, கஸ்டமருங்க வர்றாங்க" என்பார். இத்தனை மரியாதையையும் வாங்கிக்கொண்டு தள்ளி நின்ற பிறகுதான், அப்படியென்றால் நாம் கஸ்டமர் இல்லை போலிருக்கிறது என்பது உறைக்கும்.

யார் வெல்வெட், யார் சுவர் என்று அவர் முடிவு செய்யும் விதம்தான் அவருடைய விசேஷம். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிடுவார். கும்பிடும்போது தலை குனியும் அல்லவா? அந்தக் குனிவில் வருகிறவர் காலில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்துவிடுவார். நிமிரும்போது நாற்காலி முடிவாகியிருக்கும். பின்னொரு நாள் டீ குடிக்கும்போது அவரே பெருமையாகச் சொன்னார்.

"மூஞ்சி பொய் சொல்லுமுங்கண்ணா. சட்டைய இரவல் வாங்கிப் போட்டுட்டு வரலாமுங்க. கால்ல கெடக்கறது மட்டும் பொய் சொல்லாதுங்க."

கோயம்புத்தூரில் அது உண்மையாகவே இருக்கட்டும். அவர் இந்த வித்தையைக் கொண்டு வந்து இறக்கிய ஊர் எது என்பதுதான் விஷயம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய ஷூவில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்தாலும், ஒரு தையல் விலகினாலும் அது ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனதை வருஷத்துக்கு ஒரு தடவை வேலை செய்கிறவர்களுக்கே கம்மி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் காலில் அசல் தோல் ஷூ மின்னும். தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப் என்போம். அதன் முதலாளிகளோ நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரிலும் ஈரத் தரையிலும் நடப்பவர்கள். அவர்கள் ரப்பர் செருப்பைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. எங்கள் ஊரில் ஆளை எடை போட எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், காலைத் தவிர.

முதல் டெமோவிலேயே வெல்வெட்டில் உட்கார்ந்தவர் மாதனூர்ப் பக்கம் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். பஸ்ஸை நிழலில் நிறுத்திவிட்டு, கூட்டமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தார். காலில் பழுப்பு ஷூ. கண்ணாடி மாதிரி இருந்தது. டெமோ சார் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, பாதாம் பால் கொடுத்து, ஒவ்வொரு மெஷினையும் அவருக்காகத் தனியே ஓட்டிக் காட்டினார். டிரைவர் பெருந்தன்மையான ஆள். எல்லாவற்றையும் ரசித்தார். கடைசியில் டெமோ சார் அவர் பக்கம் குனிந்து, சாருக்கு எந்த மாதிரி யூனிட் என்று கேட்டார். "அம்பது சீட்டு சார், ஏசி இல்ல" என்றார் டிரைவர்.

அந்த நேரத்தில் கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தவர், லுங்கியும் ரப்பர் செருப்புமாக இருந்த ஒரு தோல் ஷாப் முதலாளி. புதிதாகப் பர்னிச்சர் ஷெட் போட்டுக்கொண்டிருந்தவர். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். வெளியே போகும்போது என்னிடம், "இன்னாபா இவுரு, பஸ் டிரைவருக்குப் போயி ரம்பம் விக்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். டெமோ சாரிடம் போய்ச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. பிரியாணிக்கு முன்னால் ஒரு வேடிக்கையும் இலவசமாகக் கிடைக்கும்போது அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

அவர் முட்டாள் இல்லை. அடுத்த டெமோவுக்குள் யாரோ சொல்லித் திருந்திவிட்டார். திருந்திய விதம்தான் அவருக்கே உரியது. காலைப் பார்ப்பதை விடவில்லை. கணக்கைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார். ரப்பர் செருப்புப் போட்டு வந்தவர்கள் எல்லாம் வெல்வெட்டுக்குப் போனார்கள். அன்று பாதாம் பால் குடித்தவர்கள் பக்கத்துக் கட்டடத்தில் பூச்சு வேலைக்கு வந்திருந்த இரண்டு பேர். சுவருக்கு அனுப்பப்பட்டவர், வேலூரில் ஒரு பெரிய பர்னிச்சர் கம்பெனிக்குச் சாமான் வாங்குகிற அதிகாரி. பளபளப்பான ஷூ போட்டு வந்த ஒரே குற்றத்துக்காக அவருக்குத் தண்ணீர் கேன் இருக்கும் மூலை காட்டப்பட்டது. அவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் கார் ஏறினார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. டெமோ சாரின் காலை நாங்களும் பார்த்தோம். அவர் போட்டிருந்தது ரெக்ஸின். தோல் மாதிரி அச்சடித்த துணி. விரல் மடங்கும் இடத்தில் உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கூடத் தூரத்தில் இருந்தே சொல்லிவிடும். ஊரையே காலை வைத்து எடை போட வந்தவரின் காலை, அவர் வேனில் இருந்து இறங்கின உடனே ஊர் எடை போட்டுவிட்டது.

இனி என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்துக்குள் செருப்போடு போக எனக்கு வராது. கல்யாணம் இல்லாத நாளிலும் வராது. வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் போவேன். முதல் தடவை நான் உள்ளே போனபோது அவர் கும்பிட்டார், குனிந்தார், நின்றுவிட்டார். வெறும் கால். அவர் கணக்கில் ஷூவுக்கு ஒரு விடை இருந்தது, செருப்புக்கு ஒரு விடை இருந்தது. வெறும் காலுக்கு விடை இல்லை. சுவரைக் கூட அவர் எனக்குக் காட்டவில்லை. நானாகவே போய் நின்றுகொண்டேன்.

ஆனால் அந்த மண்டபத்துக்கு மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

மாதனூருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. ஷூ கம்பெனிகளுக்கு ரேக் செய்து கொடுக்கிறேன். வெட்டின தோலையும் தைத்த மேல்பாகத்தையும் அடுக்கி வைக்கிற ரேக். அதில் ஒரு சிலாம்பு இருந்தால் போதும், தோலில் கோடு விழும், ஷூ ரிஜெக்ட் ஆகும். அதனால் ரேக்கை எடுத்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஒரு துண்டுப் பஞ்சைப் பலகைமேல் இழுத்துப் பார்ப்பார். எங்காவது ஒரு இழை சிக்கினால் ரேக் திரும்பி வந்துவிடும். கையால் இழைத்து இழைத்து என் வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கிச் சட்டை மாட்டவே வீட்டுக்காரி உதவ வேண்டும். தோள் சொல்கிற இடத்தில் இழைப்புளி நிற்கிறது; நின்ற இடத்தில் பஞ்சு சிக்குகிறது. இன்னொரு தடவை ரேக் திரும்பினால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

டெமோ சாரிடம் பலகை இழைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பலகையைக் கொடுத்தால் மறு பக்கம் ஒரே கனமாக, வழவழப்பாக வரும். எனக்கு அதுதான் வேண்டும். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். நான் இழைப்பது வேப்பம்பலகை. வேம்பு முறுக்கிக்கொண்டு வளர்கிற மரம், கணுவும் இருக்கும். அந்தக் கணுவில் மெஷின் என்ன செய்யும்? அதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு டெமோவுக்கும் கணு வைத்த பலகை ஒன்றைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவேன். சட்டைப் பையில் துண்டுப் பஞ்சும் வைத்திருப்பேன்.

அவரிடம் தேக்குப் பலகைகள் இருந்தன. கோயம்புத்தூரில் இருந்தே வேனில் வரும். நன்றாகக் காய்ந்தது, கணு இல்லாதது, எல்லாவற்றுக்கும் மேலாக ஏற்கெனவே இழைத்தது. குளித்துவிட்டு வந்தவனைக் குளிப்பாட்டிக் காட்டுவது போல அதையே மறுபடி மறுபடி இழைத்துக் காட்டுவார். வெல்வெட்டில் இருப்பவர் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். முதல் தடவை நான் பக்கத்தில் போய்ச் சாக்கைத் திறந்து காட்டினேன். என்னுடைய பலகையைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன், சத்தம் வரவில்லை. அவர் சாக்கைப் பார்த்துவிட்டு, "வெறகு வெளிய வெச்சுட்டு வாங்கண்ணா" என்றார்.

எனக்குப் பதவி கிடைத்தது அடுத்தடுத்த டெமோக்களில். ஒரு தடவை கூட்டம் ரொம்பக் கம்மி. வேலூரில் இருந்து ஒரு கஸ்டமர் வருகிற நேரம். முன்வரிசை காலியாக இருந்தால் மெஷினுக்கு மரியாதை இருக்காது என்று அவர் சுற்றிலும் பார்த்தார். வாய் திறக்காத ஆளாக, எங்கே உட்கார வைத்தாலும் உட்காரக் கூடியவனாக நான் கண்ணில் பட்டேன்.

"அண்ணா, நீங்க முன்னாடி வந்து சும்மா உக்காருங்க. நான் எதாச்சும் சொன்னா தலைய மட்டும் ஆட்டுங்க. போதுமுங்க."

அப்படித்தான் நான் கஸ்டமர் ஆனேன். பொய்க் கஸ்டமர். உட்கார்ந்தேன், தலையாட்டினேன். முன்னால் உட்கார்ந்தால் மெஷினின் கத்தியையும் உருளையையும் கிட்டத்தில் பார்க்கலாம் என்பதுதான் எனக்குக் கிடைத்த சம்பளம். அடுத்த டெமோவில் கேள்வி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். கரண்ட் ஜாஸ்தி இழுக்குமா என்று நான் கேட்க வேண்டும். நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை. அவர் மைக்கில் திருப்பிச் சொல்லி, ரொம்ப நல்ல கேள்வி என்று பாராட்டி, பதிலையும் சொன்னார். அதற்கடுத்த தடவை என்னைக் காட்டி, இந்த அண்ணன் நம்முடைய பழைய கஸ்டமர், சந்தேகம் இருந்தால் அவரையே கேளுங்கள் என்றார். பழைய கஸ்டமரிடம் என்ன மெஷின் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இழைப்புளி என்று உண்மையைச் சொல்லியிருப்பேன்.

என்னோடு பாலிஷ் வேலைக்கு வரும் பாய் ஒருவர் இருக்கிறார். டெமோக்களுக்கும் கூடவே வருவார். வெளிப்படையாகப் பிரியாணிக்காக வருகிறேன் என்று சொல்லக் கூடிய நேர்மை அவரிடம் உண்டு. அவர் என்னை விடவில்லை.

"இன்னா தோஸ்த், மொதல்ல கஸ்டமரா வந்த. இப்ப கம்பெனி ஆளா குந்திகினு கீற. அடுத்த தபா மெஷினாவே வந்து நின்னுடுவியா?"

எனக்கு மெஷின் உண்மையிலேயே வேண்டும் என்பது பாய்க்குத் தெரியும். அந்த ஆளிடம் நேராகப் போய்ச் சொல்லித் தொலை, இதில் என்ன பேஜார் என்பார். சொல்கிறேன் என்பேன். டெமோ முடிந்து வேன் போன பிறகு சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

டெமோ சார்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்து அந்த ரெக்ஸின் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுவார். குதிகாலில் கொப்புளம் உடைந்திருக்கும். எனக்கும் ஒரு டீ வரும். பெரிய கஸ்டமர்களிடம் பேசிய குரல் போய் வேறு குரல் வரும். என்னிடம் எதையும் விற்க வேண்டியதில்லை அல்லவா, அதனால் உண்மையைப் பேசுவார். காட்பாடியில் வீடு பிடித்து, பெண்ணைப் பிளஸ் டூ சேர்த்திருப்பதைச் சொல்வார். மெஷின்களை அவரே துடைத்து, குழந்தையைப் படுக்க வைப்பது போல வேனில் ஏற்றுவார். என் வீட்டுக்காரி வேலை செய்யும் ஷூ கம்பெனியில் ரிஜெக்ட் விற்கும்போது அவருக்கு ஒரு ஜோடி வாங்கி வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். சைஸ் கேட்க வேண்டும். அதுவும் கேட்கவில்லை.

கடைசி டெமோ அன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். மெஷினுக்காகச் சீட்டுப் பணம் எடுத்தாயிற்று, வீட்டிலும் பேசியாயிற்று. இன்றைக்கு எப்படியாவது வாய் திறந்து புக் செய்துவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாக்கில் பலகை, பையில் பஞ்சு. டெமோ சார் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்காத முகம்.

"அண்ணா, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் கணக்குல ஒரு மெஷின் ஏறோணுமுங்க. இல்லீன்னா ஒடிசாவுக்குப் போடறாங்க. பொண்ணுக்குப் பரீட்சைங்க. இன்னிக்கு நல்லாத் தலையாட்டுங்க."

சார், எனக்கே ஒன்று வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது. அவர் கும்பிட ஓடினார்.

வந்தவர் ரப்பர் செருப்பு. தேய்ந்து, ஒரு பக்கம் ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பு. டெமோ சாரின் கணக்குப்படி இதைவிடப் பெரிய முதலாளி இருக்க முடியாது. வெல்வெட், பாதாம் பால், கார்டு எல்லாம் ஒரே மூச்சில் நடந்தன. அவர் அந்த மண்டபத்தைப் பெருக்கிப் பூட்டுகிற ஆள். எப்போதும் வேன் போன பிறகுதான் வருவார் என்பதால் டெமோ சார் அவரைப் பார்த்ததில்லை. சாயங்காலம் ரிசப்ஷன் இருப்பதால் ஹாலை எத்தனை மணிக்குக் காலி செய்வார்கள் என்று பார்க்க வந்திருந்தார். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர்கள் வாய் திறக்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்பதற்கு முன்னால் பால் வந்துவிட்டதால் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

டெமோ சார் அன்று உயிரைக் கொடுத்தார். வெல்வெட்டுக்காரர் எதற்கும் முகம் மலரவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய முதலாளிகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று டெமோ சார் இன்னொரு பலகையை எடுப்பார். இழைத்து இழைத்துக் கோயம்புத்தூர்த் தேக்கு எல்லாம் அட்டையாக மெலிந்து போயிற்று. வேறு பலகை இல்லை. அவர் கண் என் காலடியில் இருந்த சாக்குமேல் விழுந்தது. பழைய கஸ்டமர் பலகையோடு வந்திருக்கிறார் பாருங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே, என் வேப்பம்பலகையை உருவி மெஷினுக்குள் கொடுத்துவிட்டார்.

இத்தனை டெமோக்களுக்கும் நான் சுமந்து வந்த பலகை. சத்தம் சீராகப் போனது. கணு வந்த இடத்தில் ஒரு தடவை கனத்தது. பிறகு சத்தம் பழையபடி ஆனது, பலகை மறு பக்கம் வந்து விழுந்தது.

யாரும் கூப்பிடாமல் நானாக எழுந்து மேடைக்குப் போனேன். பையில் இருந்து பஞ்சை எடுத்து முனையில் இருந்து இழுத்தேன். கணுவுக்குக் கிட்டே வந்ததும் மெதுவாக இழுத்தேன். சிக்கவில்லை. எதிர்ப் பக்கமாக இழுத்தேன். ஒரு இழை கூட நிற்கவில்லை. திரும்பினால் ஹால் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனுக்கு ஒண்ணு குடுங்க சார்" என்றேன். "இன்னிக்கே புக் பண்ணிக்கிறேன்."

பத்துப் பேருக்கு நடுவில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். டெமோ சார் மைக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கை தட்டினார். ஹாலும் தட்டியது. பாய் எழுந்து நின்று தட்டினார். வெல்வெட்டுக்காரரும் பெரிய மனசு பண்ணித் தட்டிவிட்டு, "ஆச்சா சார்? அஞ்சு மணிக்கு ரிசப்ஷன் பார்ட்டி வந்துடும், பெருக்கணும்" என்றார்.

டெமோ சாரின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் எழுத மாட்டேன். அவருக்கும் பெண் இருக்கிறாள்.

கூட்டம் சாப்பிடப் போய்விட்டது. நான் போகவில்லை. அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எப்படியோ ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தார்.

"அந்தப் பஞ்சு எங்கீங்கண்ணா புடிச்சீங்க? எனக்கே தோணலீங்க. எனுக்கு ஒண்ணு குடுங்கன்னு சொன்னீங்க பாருங்க, கொரல் நடுங்குச்சு பாருங்க. சினிமாவுக்கே போயிருக்கலாமுங்க நீங்க."

"நெஜமாத்தான் சார் சொன்னேன்."

அவர் இன்னும் சிரித்தார். நான் மறுபடி சொன்னேன். பணம் கூட ரெடி பண்ணிவிட்டேன் என்றேன். சிரிப்பு நின்றது. என்னை நேராகப் பார்த்தார். பிறகு, பழக்கம் விடாது போலிருக்கிறது, பார்வை இறங்கி என் வெறும் காலில் நின்றது. துணியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலைல நான் எங்கஷ்டத்தச் சொன்னதுக்காவச் சொல்றீங்க. தெரியுதுங்க. வேண்டாமுங்கண்ணா. உங்களாட்ட ஆளு தலைல இதக் கட்டுனா எனக்குச் சோறு எறங்காதுங்க. நான் ஒடிசாவுக்கே போறனுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. யாரிடம் எதை விற்கலாம் என்று பார்த்தே பிழைத்த மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, விற்க வேண்டாம் என்று முடிவு செய்தார். அதையும் என்னிடம் செய்தார். மூன்றாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பிரியாணிப் பொட்டலத்தையும் கத்திரிக்காய்க் குழம்பையும் என் கையில் திணித்து, வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார். வேன் புறப்படும்போது கை காட்டினார். வெளியே நான் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வேன் ஆம்பூருக்கு வரவில்லை. ஒடிசாவில் யாரையாவது கும்பிட்டுக்கொண்டிருப்பார். அங்கே கால்கள் எப்படியோ.

அந்தக் கடைசி டெமோவுக்கு மறுநாள் காலை நான் பஸ் ஏறி வேலூர் போனேன். அதே கம்பெனி மெஷின்களை விற்கும் கடையில் அந்த மெஷினைக் கேட்டேன். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே பில் போட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நேராக வந்தீர்களா, டெமோ பார்த்து வந்தீர்களா, டெமோ என்றால் அந்த ஆள் கணக்கில் போட வேண்டும் என்றார். டெமோ பார்த்துத்தான் வந்தேன் என்றேன். இந்த லைனில் நாலைந்து பேர் சுற்றுகிறார்கள், பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் கொடுத்த கார்டைக் காட்டுங்கள் என்றார். கார்டு இல்லை என்றேன். பெயர் தெரியாது என்றேன். நேராக வந்தது என்று போட்டுக்கொண்டார். மெஷின் சாயங்காலம் டெம்போவில் வந்து இறங்கியது.